நோட்டீஸ் ஆன்ட்டியும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

திருவண்ணாமலையில் அசைக்க முடியாதவை இரண்டு. ஒன்று மலை. இன்னொன்று நோட்டீஸ் ஆன்ட்டி. மலையையாவது சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடலாம். நோட்டீஸ் ஆன்ட்டியைச் சுற்றிக்கொண்டு போன பெண் எங்கள் விடுதியில் ஒருத்திகூடக் கிடையாது.

மாவட்டம் பிரிந்த புதிது. ஊரில் புதுப்புது ஆபீஸ்கள் முளைத்துக்கொண்டிருந்தன. கல்யாண மண்டபத்தில் ஒரு ஆபீஸ், அரிசி மண்டி மாடியில் ஒரு ஆபீஸ் என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே போர்டு மாட்டினார்கள். அப்படியொரு மாடி ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் செய்யாறு பக்கம். தினமும் வந்துபோக முடியாது. தனியாக அறை எடுப்பதென்றால் அப்பா வேலையே வேண்டாம் என்பார். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், சர்ச் காம்பவுண்டுக்குள், வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி இருப்பதாகச் சொன்னார்கள். எந்த மதத்துப் பெண்ணும் தங்கலாம். "ஆனா வார்டன் ரொம்பக் கண்டிப்பு" என்று எச்சரித்தார்கள். அந்த ஒரு வார்த்தையில் அப்பா விழுந்துவிட்டார். பெட்டியோடு என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஏதோ பாங்க் லாக்கரில் நகையை வைத்தவர் மாதிரி நிம்மதியாக பஸ் ஏறினார்.

வார்டனுக்கு வயது ஐம்பது இருக்கும். நாலே முக்கால் அடி உயரம். கஞ்சி போட்ட காட்டன் புடவை. இடுப்பில் ஸ்டோர் ரூம் சாவி. கையில் மைதா பசைக் கிண்ணம். பழைய காலண்டர் தாளின் முதுகில் சிவப்பு மையால் எழுதி, கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டே போவார். குளியலறைக் கதவில், "இந்த வாளி குளிக்க. அந்த வாளி துவைக்க. மூன்றாவது வாளி கிடையாது, தேடாதீர்கள்." குழாய்க்கு மேலே, "தண்ணீர் நிற்கும்போது குழாயை மூடவும். வராத தண்ணீரும் தண்ணீரே." வேப்ப மரத்தில், "இலை பறிக்கக் கூடாது." கண்ணாடிக்குப் பக்கத்தில், "அழகு போதும். அடுத்தவருக்கு இடம் விடவும்."

ஒருநாள் வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி ஆசிரமம் என்று நினைத்து உள்ளே வந்து, வேப்ப மரத்தடியில் சப்பணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆன்ட்டி எழுப்பவில்லை. அவள் கண்ணைத் திறக்கும் நேரத்துக்கு எதிர்ச் சுவரில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் தயாராக இருந்தது: "இது ஹாஸ்டல். அமைதி அடுத்த தெருவில் கிடைக்கும்." அந்த அம்மாள் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஆன்ட்டிக்குக் கும்பிடு போட்டுப் போனாள்.

முதல் வாரத்திலேயே நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். சமையலறைப் பக்கம் ஆன்ட்டியின் குரல் கேட்டது. "நாளைக்கு ஐயரு சாப்பிட வராரு. கோழி நல்லதா பாத்து வாங்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரூமுக்கு ஓடிவந்து வசந்தாவிடம் சொன்னேன். வசந்தா என் ரூம்மேட். சேத்துப்பட்டுக்காரி. தனியார் பள்ளி ஒன்றில் டீச்சர்.

"ஐயருக்குக் கோழி போடறாங்கடி! அந்த மனுசனுக்குத் தெரியுமா தெரியாதா?"

வசந்தா தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்களாம். மறுநாள் ஐயர் வந்தார். ஒல்லியான, சாந்தமான மனிதர். இரண்டு துண்டு கூடவே வாங்கிச் சாப்பிட்டார்.

விடுதியின் ஏழாவது ரூல்: சாயங்காலம் ஏழு மணிக்கு கேட் மூடப்படும். லேட்டாக வந்தால் ஒரு சாப்பாடு கட்.

ஒருநாள் வசந்தா ஏழே காலுக்கு வந்தாள். பள்ளியில் ஆண்டு விழா ஒத்திகை. கேட்டைத் திறந்த ஆன்ட்டி சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த ரூல் பட்டியலைக் காட்டினார். வசந்தாவின் கண்ணில் குபுக்கென்று தண்ணீர்.

"மத்தியானம்கூட சாப்பிடலைங்க ஆன்ட்டி."

"ரூல்னா ரூல்தான். ஒரு சாப்பாடு கட். போய்ப் படி."

"தெரியும் ஆன்ட்டி."

"தெரிஞ்சா போதாது. போய்ப் படிச்சிட்டு வா. யாரோட சாப்பாடுன்னு போட்டிருக்கா?"

வசந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்ப் படித்தாள். யாருடைய சாப்பாடு என்று போட்டிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆன்ட்டி தன்னுடைய தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கட் ஆயிடுச்சு. உக்காரு. சாப்பிடு."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வசந்தா மட்டும் தைரியமாகக் கேட்டாள், "நான்தானே ஆன்ட்டி லேட்டு? நீங்க எதுக்குப் பட்டினி கெடக்கணும்?"

"எனக்காக ஒருத்தரு இதவிடப் பெருசா செஞ்சிருக்காரு. இது என்ன, ஒரு வேள சோறு. ரசம் ஆறுது பாரு."

அன்று முதல் விடுதியில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது, அந்த "ஒருத்தர்" யார் என்ற ஆராய்ச்சி. ஆன்ட்டி கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆகவே அது காதல் கதைதான் என்று வசந்தா தீர்ப்புச் சொன்னாள். கூடவே, ரிட்டயர்டு ஆகிப்போன ஒரு போஸ்ட்மாஸ்டராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த ஆதாரமும் இல்லாமல் கண்டுபிடித்தாள். ஆன்ட்டிக்கு போஸ்ட் கார்டு மேல் அவ்வளவு பிரியமாம். மாதம் ஒரு கார்டு வீதம் எங்கள் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் எழுதிப் போடுவார். "தங்கள் மகள் நலம். இரண்டு தரம் தாமதம். பல் துலக்குகிறாள்." இதில் காதல் எங்கே வந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது, நாங்கள் எல்லோரும் துணிந்து லேட்டாக வர ஆரம்பித்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த வாரத்தில் மூன்று நாள் லேட்டாக வந்தவள் நான். "வயசானவங்களுக்குப் பசி கம்மிதான்" என்று தத்துவம் வேறு பேசினேன். கவிழ்த்த தட்டுக்கு முன்னால் ஆன்ட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தில் கோபமும் கிடையாது, தியாகக் களையும் கிடையாது. "பொரியல் போட்டுக்க, கூச்சப்படாத" என்பார். பத்தாவது நாளோ என்னவோ, அவர் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை வசந்தா பார்த்துவிட்டாள். அதோடு சரி. மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து விடுதிவரைக்கும் நாங்கள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்து செங்கம் ரோட்டுக் கடைக்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

இப்படிப்பட்ட மனுஷிக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. "ஆபீசில் வேலை இருக்கிறது, ஊருக்கு வர முடியாது" என்று அப்பாவுக்கு நாலு நாள் முன்னாலேயே இன்லண்ட் எழுதிப் போட்டுவிட்டு, இரண்டு தோழிகளோடு மேட்னி சினிமாவுக்குப் போனேன். விடுதியில் எங்கே போனாலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மற்றவர்கள் துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுப்பார்கள். நான் டைப்பிஸ்ட் ஆயிற்றே, ஆபீஸ் மெஷினில் ஜோராக அடித்துக் கொடுப்பேன். "திரைப்படம் காணும் பொருட்டு மூன்று மணி நேரம் வெளியே செல்ல அனுமதி வேண்டுகிறேன்." ஆன்ட்டிக்கு அதைப் பார்த்தால் பெருமையாக இருக்கும். பத்திரமாக ஃபைலில் போட்டு வைப்பார்.

பெண் ஞாயிற்றுக்கிழமைகூட உழைக்கிறாளே என்று அன்றைக்கென்று பார்த்து அப்பா முறுக்கு டின்னோடு வந்து நின்றிருக்கிறார்.

"பொண்ணு ஆபீஸ் போயிருக்குங்களா?"

வேறு எந்த வார்டனாக இருந்தாலும் "வெளிய போயிருக்கா, வந்துடுவா" என்று சொல்லியிருப்பார். நோட்டீஸ் ஆன்ட்டிக்குப் பொய் வராது.

"இல்லீங்க. சினிமாவுக்குப் போயிருக்கா. மூணு பேரா போனாங்க. ஆறு மணிக்குள்ள வந்துடுவா. ஒழுங்கா எழுதிக் குடுத்துட்டுத்தான் போனா, தோ பாருங்க" என்று ஃபைலைத் திறந்து காட்டியிருக்கிறார். என்னை மெச்சித்தான் காட்டினார். பாவம்.

நான் திரும்பி வந்தபோது அப்பா மரத்தடியில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஆனி மாசத்தோட வேலைய விட்டுடு. மாப்ள பாக்கச் சொல்லியாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு அப்பா மேல் கோபம் வரவில்லை. பொய் சொன்ன என் மேலும் வரவில்லை. கோபமெல்லாம் உண்மையைச் சொன்னவர் மேல்தான் வந்தது. என் வேலை, என் சம்பளம், நான் தனியாக ரோட்டைக் கடந்து நடந்த நடை, எல்லாவற்றையும் இந்த நாலே முக்கால் அடி கெடுத்துவிட்டது என்று கொதித்தேன். மறுநாள் மதிய இடைவேளையில், ஆபீசில் யாரும் இல்லாதபோது, மெஷினில் ஒரு தாளைச் சொருகினேன்.

"மேற்படி வார்டன் அவர்கள் விடுதிப் பெண்களைப் பட்டினி போடுவதாகவும், மேற்படி விடுதியின் அரிசி, எண்ணெய் முதலானவை பின்வாசல் வழியாகக் கீழ்பென்னாத்தூர் பக்கமுள்ள அவரது தம்பி வீட்டுக்குச் செல்வதாகவும்..." என்று ஒரு பக்கம் அடித்தேன். "இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பெண்கள்." கையெழுத்து இல்லை. அச்சு அசலான மொட்டைக் கடுதாசி. விடுதியை நடத்தும் சர்ச் கமிட்டிக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, சூடாக இரண்டு பஜ்ஜி சாப்பிட்டேன். அதுகூட ஞாபகம் இருக்கிறது.

பட்டினி போடுகிறார் என்று எழுதினேன் பாருங்கள். அவர் கவிழ்த்த தட்டுகளில் மூன்று எனக்காகக் கவிழ்த்தவை.

அடுத்த சனிக்கிழமை காலையில் ஐயரும் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். ஸ்டோர் ரூமைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் முறை வந்தது.

"உனக்கு ஏதாச்சும் கொறை உண்டாம்மா?" என்று ஐயர் கேட்டார்.

"இல்லீங்க ஐயா."

"இத யாரு எழுதியிருப்பாங்கன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா."

ஆன்ட்டி கதவோரம் நின்று வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அவர் இடுப்பில் சாவி இல்லை. விசாரணை முடியும்வரை சாவி சமையல்கார அம்மாவிடம் இருக்குமாம். பதினாறு வருஷமாக அந்தச் சாவி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் புது நோட்டீஸ் ஒன்று முளைத்தது. "ஸ்டோர் சாவி என்னிடம் இல்லை. காரணம் கேட்க வேண்டாம்."

வழக்கமாகச் சாவிச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் உஷாராவோம். இப்போது சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நின்றார். "ஐயோ, சாவியைக் குடுத்துடுங்கப்பா, ஹார்ட் நின்னுடும்போல இருக்கு" என்று வசந்தா அலறினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது வாயெல்லாம் கசந்தது.

சித்திரை வெயிலில் எனக்கு அம்மை போட்டது.

காலையில் எழுந்தால் உடம்பெல்லாம் நெருப்பு. முகத்தைப் பார்த்த வசந்தா ஓரடி பின்னால் போனாள். ரூல் பத்தொன்பது எல்லோருக்கும் மனப்பாடம்: அம்மை கண்டவர் விடுதியில் இருக்கக் கூடாது, அன்றே ஊருக்குப் போய்விட வேண்டும். அந்த ஜுரத்தில் செய்யாறு பஸ்ஸில் எப்படி உட்காருவேன்? நினைத்தாலே தலை சுற்றியது. ஆன்ட்டி வந்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"ரூல்படி இங்க இருக்கக் கூடாது" என்றார்.

"தெரியும் ஆன்ட்டி" என்று அழுதேன்.

"எழுந்திரு. என் தோள்ல கை போடு."

காம்பவுண்டு மூலையில் ஓடு போட்ட ஒற்றை அறை. அதுதான் அவர் வீடு. கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார். "இது ஹாஸ்டல் இல்ல. என் வீடு. இங்க ரூல் கெடையாது" என்றார். பிறகு ஏதோ யோசித்துவிட்டு, "சொறியக் கூடாது. அது மட்டும் ரூல்" என்றார்.

"உங்களுக்கும் ஒட்டிக்கும் ஆன்ட்டி."

"எனக்கு எட்டு வயசுலயே போட்டாச்சு. என்ன அது ஒண்ணும் பண்ணாது. உங்க வூட்ல அம்மை போட்டா என்ன செய்வாங்க?"

"வேப்பிலை வெப்பாங்க. மாரியாத்தாவ வேண்டிக்குவாங்க."

"வேப்பில நான் பறிச்சாறேன். வேண்டறத நீ வேண்டிக்க. நான் எனக்குத் தெரிஞ்சவருகிட்ட சொல்றேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரத்தில் ஒட்டியிருந்த "இலை பறிக்கக் கூடாது" நோட்டீஸை முதலில் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் இலையில் கை வைத்தார்.

தெரிஞ்சவர் என்றாரே, அது யார்? ஜுர வேகத்திலும் எனக்கு ஆராய்ச்சி விடவில்லை. அறையில் போஸ்ட்மாஸ்டர் போட்டோ இருக்கிறதா என்று நாலு சுவரையும் துழாவினேன். ஒரு காலண்டர், ஒரு மரச் சிலுவை, ஒரு குடை. அவ்வளவுதான். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஆன்ட்டி, ஒங்களுக்காக ஒருத்தரு பெருசா செஞ்சாருன்னு சொன்னீங்களே, அவரு யாரு?"

வேப்பிலைக் கொத்தாலேயே சுவரைக் காட்டினார். "தோ, இவருதான். வேற யாருன்னு நெனச்ச?"

"வசந்தா... போஸ்ட்மாஸ்டர்னு சொன்னா."

ஆன்ட்டி சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். என்னமோ ஆகிவிட்டதென்று சமையல்கார அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

நாலாம் நாள் அப்பா வந்தார். ஆன்ட்டியின் போஸ்ட் கார்டு போயிருந்தது. வீட்டில் தம்பிக்கும் அம்மை, அதனால் அம்மாவால் வர முடியவில்லை. அப்பா வாசலோடு நின்றார். உள்ளே ஆன்ட்டி எனக்கு ஸ்பூனால் இளநீர் ஊட்டிக்கொண்டிருந்தார். தரையில் அவருடைய பாய் விரித்திருந்தது. அப்பா அந்தப் பாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்களுக்காக உங்களுக்கு எதுக்கும்மா இவ்ளோ கஷ்டம்?"

"சினிமாவுக்குப் போனா சொல்லுவேன். ஜுரம் வந்தா பாத்துக்குவேன். ரெண்டுமே என் வேலதாங்க."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார். ஆனி மாசத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

என் வேலை பிழைத்தது. நான்தான் செத்துக்கொண்டிருந்தேன். உடம்பில் இருந்த அரிப்பையாவது வேப்பிலையால் தடவிக்கொள்ளலாம். பதினோராம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட வெந்நீரை ஆன்ட்டி என் தலைக்கு ஊற்றி, ஈரம் போகத் துவட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. துண்டு முகத்தை மூடியிருந்தது வசதியாகப் போயிற்று.

"ஆன்ட்டி, அந்த மொட்டைக் கடுதாசி... நான்தான் எழுதினேன்."

துவட்டும் கை நிற்கவில்லை.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. ஐயரு காட்டினாரு. உங்க ஆபீஸ் மெஷின்ல 'ற' மட்டும் ஒரு படி மேல ஏறி நிக்கும். உன் லெட்டருங்க எத்தன வெச்சிருக்கேன் நான்."

துண்டை விலக்கிவிட்டு அவரைப் பார்த்தேன். அம்மை வருவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. தோளில் கை போடு என்றபோது தெரியும். தரையில் பாய் விரித்தபோது தெரியும்.

"தெரிஞ்சுமா என்னப் பாத்துக்கிட்டீங்க?"

"நல்லா இருக்கே கத. நீ வந்து மன்னிப்பு கேக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு நான் இருந்தா, அதுவரைக்கும் உன் ஜுரம் காத்துக்கிட்டு இருக்குமா?"

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் சின்ன வயசுல, எல்லா ரூல்படியும் ஒழுங்கா இருந்தா ஆண்டவரு என்னச் சேத்துக்குவாருன்னு நெனச்சேன்மா. என்ன செஞ்சாலும் கம்மியாவே தெரியும். ஒருநாளும் நிம்மதி கெடையாது. அப்புறம்தான் தெரிஞ்சுது, நான் கேக்கறதுக்கு முன்னாடியே, நான் மோசமா இருக்கும்போதே, அவரு எனக்காகச் சிலுவையில போய்த் தொங்கிட்டாருன்னு. சும்மாவே குடுத்துட்டாரு. அத வாங்கிக்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு ஆன்ட்டி இவ்ளோ ரூலு?"

"பின்ன? முப்பது பொண்ணுங்கள மேய்க்க வேணாமா?"

"எனக்கு ஏதாச்சும் தண்டன குடுங்க ஆன்ட்டி."

அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. "தண்டன குடுத்தா சரிக்குச் சரியாப் போச்சுன்னு எழுந்து போயிடலாம்னு பாக்கறியா? தர மாட்டேன். சும்மா வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

ஆனால் சும்மா வாங்கிக்கொள்வது லேசான காரியமாக இல்லை. மறுநாளே ஐயரின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"'மேற்படி'ன்னு நாலு எடத்துல போட்டிருந்தப்பவே ஆபீஸ் பொண்ணு யாரோன்னு நெனச்சேன். ஆளத் தேடாம விடறதில்லன்னு கமிட்டிக்காரங்க நின்னாங்க. அந்தம்மாதான் குறுக்க வந்தாங்க. 'யாருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். கண்டுபிடிச்சா வெளிய அனுப்புவீங்க, அந்தப் பொண்ணு வேலையே போயிடும். வேணும்னா இத வெச்சுக்குங்க'ன்னு சாவிய அவங்களாவே கழட்டி மேஜ மேல வெச்சாங்க."

சாவியைப் பிடுங்கினார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"எனக்கு என்ன தண்டன ஐயா?" என்றேன்.

"பெரிய தப்புதாம்மா. ஆனா அடிபட்டவங்களே கேஸு வேணாங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்று கையை விரித்தார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோர் முன்னாலும் ஐயர் சாவியை ஆன்ட்டியின் கையில் கொடுத்தார். ஆன்ட்டி அதை இடுப்பில் செருகிக்கொண்டு, அதே நடையில் கூட்டத்துக்குள் வந்து, "வெளிய செருப்பு வரிசையா இல்ல, யாரோடது அது?" என்றார். வசந்தா கை தட்டினாள். சர்ச்சுக்குள் கை தட்டியதற்குத் திட்டு வாங்கினாள்.

இன்னும் நாலு வருஷம் அந்த விடுதியில் இருந்தேன். கல்யாணம், வேலூருக்கு மாற்றல், குழந்தைகள் என்று வாழ்க்கை ஓடியது. நான் மதம் மாறவில்லை. ஆன்ட்டியும் மாறச் சொன்னதில்லை. ஆனால் யாராவது எனக்குத் துரோகம் செய்துவிட்டதாகக் கொதிக்கும்போதெல்லாம், என் தலையைத் துவட்டிய அந்தக் கை நிற்காமல் போய்க்கொண்டிருந்ததுதான் ஞாபகம் வரும். எல்லாத் தடவையும் அதற்குக் கட்டுப்பட்டேன் என்று சொன்னால் அது பொய்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள், ஓய்வு பெற்றுக் கீழ்பென்னாத்தூர் பக்கம் தம்பி வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வேர்க்கடலை காயப்போட்டிருந்த வாசலில் உட்கார்ந்திருந்தார். வயது எழுபதை நெருங்கியிருக்கும். இன்னும் சிறுத்துப்போயிருந்தார். என்னைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொன்னார், ரூம் நம்பர் சொன்னார், நான் எந்தக் கட்டிலில் படுப்பேன் என்றும் சொன்னார். தம்பி மருமகளைக் கூப்பிட்டு என்னைப் பற்றிக் கதை கதையாக அளந்தார். நான் மேட்னி போனது, அப்பா முறுக்கு டின்னோடு வந்தது, அம்மை போட்டது, போஸ்ட்மாஸ்டர், எதுவும் விட்டுப்போகவில்லை. அந்த ஒன்றைத் தவிர.

மருமகள் டீ போட உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னேன். "அந்தக் கடுதாசிய மட்டும் வுட்டுட்டீங்களே ஆன்ட்டி."

"எந்தக் கடுதாசி?"

என் கட்டில் எது என்பதுவரை மறக்காத மனுஷி, கண்ணாடிக்குள்ளிருந்து என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். டீ வந்தது, குடித்தோம்.

வேண்டாம் என்று சொல்லியும் பஸ் ஸ்டாப்பிங்வரை கூடவே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். முதல் பஸ் வந்தது. "கூட்டமா இருக்கு ஆன்ட்டி" என்றேன். இரண்டாவது பஸ் பாதி காலியாகவே வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "திருவண்ணாமல, ஏறும்மா" என்றார்.

"அடுத்ததுல வரேங்க" என்றேன்.

ஏன் என்று ஆன்ட்டி கேட்கவில்லை. என் கையை விடவும் இல்லை.